தேசிய அளவில் பழைய கார்கள் கூடினால்…

கேள்வி: நாடு முழுவதும் உள்ள பழைய கார் சங்கங்களை ஓரிடத்தில் கூட்ட எங்கள் சங்கம் நினைக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: தேதியில்! டெல்லியில் 1964 முதல் நடந்துவரும் ஸ்டேட்ஸ்மேன் பழைய கார் பேரணி குளிர்காலத்தை ஒட்டியே வருவதில் காரணம் உண்டு. வெயிலில் ஊர்ந்தால் கிழட்டு எஞ்சின் கொதித்துவிடும். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும்.

அடுத்தது காகிதம். 2021-ல் வந்த மத்திய விதிப்படி, 50 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துகளோடு தனிப் பதிவு எண் கிடைக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். அந்த எண் பெற்ற வண்டி கண்காட்சிக்கும் பேரணிக்கும் வரலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது.

வெளியூர் வண்டிகள் லாரியில் வருவதே உசிதம். லாரி நுழைந்து திரும்ப இடமில்லாத மைதானத்தைப் பேசி முடித்துவிட்டுத் தலையில் கைவைக்காதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். எனவே உபரிக் குழாய்களோடு மெக்கானிக்குகளும், இழுவை வண்டியும், தீயணைப்புக் கருவிகளும் தயாராக இருக்கட்டும்.

பேரணியும் நடத்தினால் பாதையைச் சுருக்கமாக வையுங்கள். 1905-க்கு முந்தைய வண்டிகள் மட்டும் கலந்துகொள்ளும் லண்டன்–பிரைட்டன் ஓட்டம் சுமார் 96 கிலோமீட்டர்தான். அது பந்தயமும் அல்ல.

பரிசு கொடுப்பதென்றால் பளபளப்பைவிட அசல்தன்மைக்கு மதிப்பெண் கூட்டுங்கள். அழைப்பிதழ் அச்சடிக்குமுன் பதிவுச் சான்று, காப்பீடு நகல்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.