மைசூரு: குழந்தைகளோடு இரண்டு நாள், அலைச்சல் இல்லாமல்

பூட்டிய வாசலும் வெயிலும் குடும்பச் சுற்றுலாவைக் கெடுத்துவிடும். கிழமையும் நேரமும் பார்த்துத் திட்டமிட்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

1. பயணத்தை ஞாயிறன்று தொடங்கவும். அன்று மாலை 7 மணியளவில் அரண்மனை முழுவதும் விளக்கொளியில் மின்னும்.

2. உயிரியல் பூங்காவைத் திங்கள் காலைக்கு வைத்துக்கொள்ளவும். செவ்வாய் அதற்கு விடுமுறை. வெயில் ஏறினால் விலங்குகள் நிழலில் ஒதுங்கிவிடும்.

3. அரண்மனைக்கு எளிதில் கழற்றும் செருப்பு அணியவும். உள்ளே வெறுங்காலுடன்தான் செல்ல வேண்டும்.

4. சாமுண்டி மலைக்குப் பேருந்தில் ஏறி, படி வழியே இறங்கவும். சுமார் 1,000 படிகளை ஏறும் களைப்பு இல்லை. வழியில் பெரிய நந்தியையும் பார்க்கலாம்.

5. குழந்தைகளுக்கு மசால் தோசையைச் சிவப்புச் சட்னி தடவாமல் கேட்டு வாங்கவும். அதில் மிளகாயும் பூண்டும் தூக்கலாக இருக்கும்.

6. பிருந்தாவன் தோட்டத்துக்கு மாலையில் செல்லவும். இசை நீரூற்று இருட்டிய பிறகே இயங்கும். திரும்ப வண்டியை முன்பே பேசி வைக்கவும். தோட்டம் நகரிலிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கிறது.

7. மைசூர்பாகைக் கடைசி நாளில் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும். நெய் மணம் குறையாது.