ஐந்து மீட்டரில் ஐயாயிரம் ஆண்டுகள்

பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தருவது என்று முடிவெடுத்த இளம் பெற்றோர் பலர் என்னிடம் வந்து பேசுகிறார்கள். கணக்குக்கு, அறிவியலுக்கு, மொழிக்கு என்று எல்லா ஏற்பாடும் பக்காவாக இருக்கும். வரலாறு என்று கேட்டால் மட்டும், "ஒரு டைம்லைன் போஸ்டர் வாங்கி மாட்டிட்டோம் டீச்சர்" என்பார்கள். மாட்டியது சரி. அதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? பள்ளியில் நெடுங்காலம் வரலாறு நடத்திவிட்டு இப்போது வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு நடத்துகிறவள் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. கடையில் வாங்கிய போஸ்டர் ஒரு ஓரமாக இருக்கட்டும். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள அது உதவும். சுவரில் நடுநாயகமாக இருக்க வேண்டியது பிள்ளை தன் கையால் போட்ட காலக்கோடு. எழுத்து கோணலாக இருக்கும், நெப்போலியன் குதிரை நாய் மாதிரி இருக்கும். இருக்கட்டும். நீங்கள் உட்கார்ந்து அழகுபடுத்தாதீர்கள்.

2. அளவில் நாணயம் வேண்டும். இதில்தான் அச்சடித்த போஸ்டர்கள் பெரும்பாலும் காலை வாருகின்றன. கடைசி இருநூறு ஆண்டுகளுக்குப் பாதித் தாள், முதல் மூவாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு சாண். கீழே கொட்டை எழுத்தில் ஆண்டுகள் போட்டிருந்தாலும் பிள்ளையின் கண் அளவைத்தான் நம்பும்.

நான் சொல்லும் கணக்கு எளிது: ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து ஆண்டு. கி.மு. 3000 முதல் இன்றுவரை ஐந்து மீட்டரும் கொஞ்சமும் வரும். ஒரு சார்ட் பேப்பரின் நீளம் ஏறக்குறைய 70 செ.மீ.; எட்டு சார்ட்டை நீளவாக்கில் ஒட்டினால் போதும். எழுத ஒன்றுமில்லாத இடம் காலியாகவே கிடக்கட்டும். காலி இடத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டு அங்கே பூ வரைந்து நிரப்புகிறவர்கள் உண்டு. அந்த வேலை வேண்டாம்.

கோடு போட்டு முடிந்ததும் பிள்ளை கையில் தையல் டேப்பைக் கொடுங்கள். கீசாவின் பெரிய பிரமிடு எழுந்தது கி.மு. 2560 வாக்கில். கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30. நிலவில் மனிதன் கால் வைத்தது 1969. என் பேத்தி முதல் இரண்டுக்கும் நடுவே அளந்தாள்: 253 செ.மீ. பின்னதற்கு அளந்தாள்: 200. டேப்பை மறுபடி முதலிலிருந்து வைத்துப் பார்த்தாள், அப்போதும் அதேதான். கிளியோபாட்ராவுக்கே பிரமிடு அவ்வளவு பழைய கட்டடம் என்று நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. "அப்ப டைனோசர் எங்க பாட்டி?" என்றாள். இதே அளவில் 66 கிலோமீட்டர் தள்ளி. சென்னையில் சார்ட்டை ஒட்டினால் காஞ்சிபுரத்தை நெருங்கிவிடலாம்.

3. நெடுக்கே படிப்பதை எல்லாரும் செய்கிறார்கள். குறுக்கே படிக்கப் பழக்குங்கள். என்னைக் கேட்டால் காலக்கோட்டின் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. ஆண்டுகளை வரிசையாக ஒப்பிக்கப் புத்தகமே போதும், சுவர் தேவையில்லை. இடமிருந்து வலமாக ஆண்டுகள் ஓடட்டும். மேலிருந்து கீழாக ஆறு பட்டைகள் போடுங்கள்: இந்தியா, சீனா மற்றும் கிழக்காசியா, மேற்காசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள். பிறகு ஏதாவது ஒரு நூற்றாண்டின் பத்து சென்டிமீட்டரில் ஸ்கேலைச் செங்குத்தாக வைத்து மெல்ல நகர்த்துங்கள்.

தொடங்குகிறவர்களுக்குப் பதினோராம் நூற்றாண்டு வசதி. நம் பிள்ளைகளுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் தெரியும். அது நிறைவுற்றது 1010. அந்தக் காலத்தில்தான் ஜப்பானிய அரண்மனையில் முராசாகி ஷிகிபு என்ற பெண்மணி கெஞ்சியின் கதையை எழுதிக்கொண்டிருந்தார். 1015இல் சோழத் தூதர்கள் சீனத்தின் சொங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வைகிங்குகள் வெட்டிய மரங்களின் வளையங்களை ஆராய்ந்து, வெட்டிய ஆண்டு 1021 என்று கண்டிருக்கிறார்கள். 1025இல் ராஜேந்திரனின் கப்பல்கள் கடாரத்துக்குப் போயின. அந்தக் குளிர்காலத்தில்தான் கஜினி முகமது சோமநாதபுரத்துக்கு வந்தான். மருத்துவ நூல் எழுதிய இப்னு சீனா பாரசீகத்தில் 1037வரை இருந்தார். 1054இல் ஒரு விண்மீன் வெடித்துப் பகலிலும் தெரிந்ததைச் சீன வானியலார் குறித்துவைத்தார்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள்.

இவை எல்லாம் தனித்தனிப் பாடமாக, தனித்தனி வகுப்பில் வருபவை. ராஜேந்திரன் ஏழாம் வகுப்பில் இருப்பான், நார்மானியர் வேறெங்கோ இருப்பார்கள், முராசாகி எங்குமே இருக்கமாட்டார். சுவரில் எல்லாரும் ஒரு சாண் அகலத்துக்குள் நிற்பார்கள். "இவருக்கு அவரைத் தெரிந்திருக்குமா? கப்பலில் போயிருந்தால் எத்தனை மாதம்?" என்று பிள்ளை தானாகக் கேட்கும். விடை தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள்.

4. சம்பவங்களுக்குப் புள்ளி, மனிதர்களுக்குக் கோடு. பிறந்த ஆண்டில் தொடங்கி இறந்த ஆண்டில் முடியும் கோடு. ஆக்சிஜன் பாடத்தில் வருகிறாரே ஜோசப் பிரீஸ்ட்லி, அவர்தான் 1765இல் சுமார் இரண்டாயிரம் பேரின் வாழ்நாளை இப்படிக் கோடுகளாக ஒரே தாளில் அச்சிட்டவர். வேதியியலில் பெயர் வாங்குவதற்கு முன்னால் அவரும் ஆசிரியர்தான். கோடாகப் போட்டால் யாரும் யாரும் ஒரே காலம் என்பது பளிச்சென்று தெரியும். அக்பர் ஆண்டது 1556 முதல் 1605வரை, முதலாம் எலிசபெத் 1558 முதல் 1603வரை. இரண்டு கோடும் ஏறத்தாழ ஒட்டிக்கொண்டே ஓடும். 1583இல் எலிசபெத் அக்பருக்கு எழுதிய கடிதத்தோடு ஆங்கில வணிகர்கள் சிலர் கப்பலேறினார்கள் என்பதை அப்போது சொல்லுங்கள். பிள்ளை மறக்காது.

5. சுழியாம் ஆண்டு கிடையாது. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1. ரோமின் அகஸ்டஸ் பிறந்தது கி.மு. 63 செப்டம்பர், இறந்தது கி.பி. 14 ஆகஸ்ட், வயது என்ன என்று கேளுங்கள். 77 என்றால் தவறு. 75.

6. உறுதியில்லாததைப் பென்சிலால் எழுதுங்கள். பிரீஸ்ட்லியே தெரியாத ஆண்டுகளுக்குப் புள்ளிகள்தான் வைத்தார். புத்தர் மறைந்தது இலங்கை, பர்மா பௌத்த மரபுப்படி கி.மு. 544; ஆய்வாளர்களில் ஒரு சாரார் 483 என்பர், இன்னொரு சாரார் 400ஐ ஒட்டிக் கொண்டுவருவர். நம் சுவரில் அது 14 செ.மீ. இடைவெளி. அந்த 14 செ.மீ.க்கும் லேசாகப் பென்சில் நிழல் போட்டுவிடுங்கள். சங்கப் பாடல்களுக்கும் அப்படித்தான். நம்ம ஊர் விஷயம் என்பதற்காக ஸ்கெட்ச் பேனாவை எடுக்கக் கூடாது.

7. ஆண்டு எப்படித் தெரியும் என்று பிள்ளை கேட்கும் நாள் வரும். அன்று அசோகரை எடுங்கள். அவருடைய பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் ஐந்து கிரேக்க அரசர்களின் பெயர்கள் இருக்கின்றன: சிரியாவின் அந்தியோகஸ், எகிப்தின் தாலமி, மாசிடோனியாவின் அந்திகோனஸ், சைரினியின் மாகஸ், அப்புறம் ஓர் அலெக்சாண்டர் (மகா அலெக்சாண்டர் இல்லை, அவர் செத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது). அதே கல்வெட்டில் சோழரும் பாண்டியரும் வருகிறார்கள். கிரேக்க அரசர்களின் ஆண்டுகள் வேறு வழிகளில் தெரியும். தனி சார்ட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் ஆண்டு என்று வைத்து, ஐவரின் ஆட்சிக் காலத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். இரண்டாம் அந்தியோகஸ் பட்டத்துக்கு வந்தது கி.மு. 261, மாகஸ் 250 வாக்கில் இறந்தார். ஐந்து கோடும் ஒன்றாக ஓடுவது அதற்கு நடுவே உள்ள சில சென்டிமீட்டரில் மட்டும். அந்தச் செய்தி கல்லில் ஏறியது அப்போதுதான். அசோகரின் ஆண்டுகளை ஆய்வாளர்கள் நிலைநிறுத்தியது இந்த வழியில்தான். பத்து வயதுப் பிள்ளை அதை ஒரு மத்தியானத்தில் தானே செய்து பார்த்துவிடலாம்.

8. போஸ்டரைப் போட்டவர் யார் என்று பாருங்கள். ஆடம்ஸ் என்பவர் அமெரிக்காவில் 1871இல் வெளியிட்ட வரலாற்று வரைபடம் இருபதடிக்கு மேல் நீளம். மறுபதிப்பு இன்றும் கிடைக்கிறது, வீட்டுவழிக் கல்விக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். படம் கண்கொள்ளாக் காட்சிதான், நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் அது கி.மு. 4004இல் ஆதாம் ஏவாளோடு தொடங்குகிறது. 1931இல் ஸ்பார்க்ஸ் வரைந்த ஹிஸ்டோமேப் வேறு விதம்: ஒவ்வொரு பேரரசும் ஒரு வண்ணப் பட்டை, வலிமைக்கு ஏற்ப அகலம். அந்த வலிமையை எந்தப் படியால் அளந்தார்? அவர் மதிப்பீடு, அவ்வளவே. இப்போது வரும் போஸ்டர்களிலும் ஆப்பிரிக்கப் பட்டை எகிப்து முடிந்ததும் வெறிச்சோடிவிடுவதைப் பார்க்கலாம். 1324இல் மாலியின் மன்சா மூசா மெக்காவுக்குப் போனதையும், கிரேட் சிம்பாப்வேயின் கல்மதில்களையும் நீங்கள்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

9. வாடகை வீடு என்றால் செல்லோ டேப் வேண்டாம். டிஸ்டெம்பர் உரிந்து வந்தால் அட்வான்ஸில் கழித்துக்கொள்வார்கள். கயிறு கட்டி கிளிப்பில் தொங்கவிடலாம். அதுவும் முடியாதா, சுருட்டி வையுங்கள். 1753இல் பிரான்சில் பார்பூ துபூர் என்ற மருத்துவர் போட்ட காலப்படம் 16 மீட்டருக்கு மேல். பெட்டிக்குள் இரண்டு உருளைகளில் சுற்றி, கைப்பிடியால் உருட்டிப் பார்த்தார்கள்.

10. வாரத்துக்கு இரண்டு மூன்று பதிவு போதும். பிள்ளை படித்த கதையில், பார்த்த படத்தில், போன ஊரில் வந்தது மட்டும் சுவருக்குப் போகட்டும். பத்தாம் வகுப்பைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதப்போகிறவர்கள் பாடப்புத்தகத்தைத் தனியாகப் படிக்கத்தான் வேண்டும். சுவர் மார்க் வாங்கித் தராது.

11. 1900க்குப் பிறகு இடம் போதவில்லை என்று பிள்ளை முறையிடும். இரண்டு உலகப் போர், காந்தி, சுதந்திரம், நிலவு எல்லாம் பத்து சென்டிமீட்டரில் நெருக்கியடிக்கும். அதற்காகப் பெரிய கோட்டில் அளவை மாற்றாதீர்கள். கீழே இன்னொரு கோடு போடுங்கள், ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். அதில் குடும்பத்தாரையும் ஏற்றலாம். கொள்ளுப்பாட்டி பிறந்தபோது இரண்டாம் உலகப் போர் முடிந்துவிட்டதா என்று பிள்ளையே பார்த்துச் சொல்லும். ஒன்று மட்டும்: தாத்தா பாட்டியின் பிறந்த தேதியை ஆதார் அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. ஜாதக நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் எந்தப் புயலுக்கு முன்னால், எந்தத் தேர்தலுக்குப் பின்னால் என்று விசாரித்து, பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.