மொபெட்டுக்கு ஏற்ற பிளக் எது?

1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்தது டி.வி.எஸ். 50 மொபெட். அந்தப் பழைய வண்டியை இன்னும் பேணி ஓட்டுவோர் நம்மிடையே உண்டு. விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பொழுது சாயும் வேளையில், விக்கிரவாண்டியைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டால், தனியே வரும் பெண்ணுக்கு அது சிறு தொல்லை அன்று. ஆகவே, பிளக்கைப் பற்றி நாம் அறிந்துகொள்வோம்.

பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவைக்குத் தீப்பொறி வைப்பது பிளக்கின் வேலை. இவ்வகை இரு வீச்சு எஞ்சினில் பெட்ரோலுடன் எண்ணெயும் சேர்ந்து எரிவதால் கரி படியும். அக்கரி எரிந்து போக, பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வேண்டும். 850 பாகையைத் தாண்டினாலோ, பொறி எழுமுன்பே கலவை பற்றிக்கொள்ளும், பிஸ்டனே ஓட்டையாகலாம். நுனியிலுள்ள வெள்ளைப் பீங்கான் நீண்டிருந்தால் சூடு மெதுவாக வெளியேறும். அது ‘ஹாட்’ பிளக். குட்டையாக இருந்தால் விரைவில் வெளியேறும். அது ‘கோல்டு’ பிளக்.

எண்ணைப் பார்த்து வாங்குவதில்தான் பலர் ஏமாறுகின்றனர். பழைய மைக்கோ பிளக்குகளில் 175, 225 என்று மூன்று இலக்கம் இருக்கும். எண் கூடினால் கோல்டு. 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008 முதல் பாஷ் என்னும் பெயரில் இயங்குகிறது. பாஷ் நிறுவனத்தின் புதிய முறையில் 5, 7 என்று சிறு எண்கள். இங்கே எண் கூடினால் ஹாட். ஜப்பானின் என்.ஜி.கே. பிளக்கிலோ எண் கூடினால் கோல்டு! ஆகவே, நிறுவனம் மாறும்போது அதே எண்ணைக் கேட்கலாகாது. வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணைக் காட்டி, அதற்கு இணையானதைக் கேட்க வேண்டும். மரைப் பகுதியின் நீளமும் ஒத்திருக்க வேண்டும். நீளம் மிகுந்தால் பிஸ்டனில் இடிக்கும்.

சிறிது தூரம் ஓட்டி, எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். நுனி இளம் பழுப்பானால் பொருத்தம் சரி. கருத்து ஈரமாயிருந்தால் பிளக் மிகக் கோல்டாக இருக்கலாம். எண்ணெய் மிகுந்தும் இருக்கலாம். எனவே, முதலில் எண்ணெய் அளவைச் சரிபார்ப்போம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மிகுதி. அவ்வண்டியை மேலும் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுவோம். திரும்ப மாட்டும்போது முதலில் விரலாலேயே திருகினால் மரை கெடாது, பிறகே ஸ்பானர்.

இவையெல்லாம் அண்ணன்மாருக்கு மட்டும் உரிய வேலை அல்ல. பிளக் ஸ்பானரும் சரியான எண்ணுள்ள மாற்றுப் பிளக்கும் கருவிப் பெட்டியில் இருந்தால், சாலையோரத்தில் பிறர் உதவிக்குக் காத்திராமல் நாமே மாற்றி வீடு சேரலாம்.