எரிந்து அணைந்தால்தான் நம்பலாம்

சாவியைத் திருப்பினோம், செல்ஃப் அடித்தோம், மீட்டர் போர்டில் சிவப்பாக எதுவும் தெரியவில்லை, ஆகவே வண்டிக்கு ஒன்றுமில்லை. கார் ஓட்டும் பலரின் கணக்கு இதுதான். இதில் ஓர் ஓட்டை உண்டு. எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருப்பதற்குக் கோளாறு இல்லாதது ஒரு காரணம். பல்போ வயரோ செத்துப்போயிருப்பது இன்னொரு காரணம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இவற்றைப் பிரித்துக் காட்டுவது செல்ஃப் அடிப்பதற்கு முந்தைய சில விநாடிகள் மட்டுமே. எனவே முதல் வேலை, சாவியை ‘ஆன்’ நிலை வரை திருப்பி அங்கேயே நிறுத்துவது. பட்டன் ஸ்டார்ட் வண்டியென்றால், பெரும்பாலும் பிரேக்கையோ கிளட்ச்சையோ மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் இந்த நிலை வரும். ஆயில், பேட்டரி, செக் எஞ்சின், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் ஒருசேர எரிய வேண்டும். ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் தம்மைச் சோதித்துக்கொண்டு தாமாகவே அணையும். ஆயிலும் பேட்டரியும் பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஓடும்வரை எரியும். ஓடாத எஞ்சினில் ஆயில் அழுத்தமும் இல்லை, ஆல்டர்னேட்டர் மின்சாரமும் இல்லை என்பதால் அவை உண்மையைத்தான் சொல்கின்றன. எரிய வேண்டியதில் எது எரியவில்லை என்று பாருங்கள். கவலைப்பட வேண்டியது அதற்காகத்தான்.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு ஆயில் விளக்கைக் கவனியுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் அணைய வேண்டும். எஞ்சினில் திருகியிருக்கும் ஒரு சிறு சுவிட்சுதான் இதை ஆள்கிறது. உள்ளே ஒரு சவ்வும் ஸ்பிரிங்கும் இருக்கும். ஆயில் அழுத்தம் சவ்வைத் தள்ளினால் இணைப்பு பிரிந்து விளக்கு அணையும். அழுத்தம் ஏறத்தாழ அரை பாருக்குக் கீழே போனால் மறுபடி எரியும். ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் அங்கே மூன்று பார் அளவுக்கு அழுத்தம் இருப்பது வழக்கம். அது ஒரு பாராகக் குறைந்தாலும் விளக்கு வாய் திறக்காது. ஆயில் அளவு குறைவதும் அதற்குத் தெரியாது. பம்ப் காற்றை இழுக்கும் அளவுக்கு வற்றினால்தான் தெரியும். வளைவில் திரும்பும்போது ஒரு கணம் மின்னி மறைகிறதென்றால் பெரும்பாலும் அந்தக் கட்டம் வந்துவிட்டது. ஓடும்போது இந்த விளக்கு எரிந்தால் அடுத்த பங்க் வரை போகலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். எரியாவிட்டாலும், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி எஞ்சின் ஆறியபின் ஆயில் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்கும் வேலை நம்முடையதுதான்.

வெப்ப முள் இன்னும் நாசூக்காக மழுப்பும். கூலன்ட்டில் நனைந்திருக்கும் சென்சாரின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். அதை வைத்தே முள் நகர்கிறது. பழைய வண்டிகளில் மலை ஏறினால் முள்ளும் கூடவே ஏறும். இன்றைய பல கார்களிலோ, ஏறத்தாழ 80 முதல் 105 டிகிரி வரை எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். இது ஏமாற்று வேலையல்லவா என்று கேட்கலாம். சிக்னலில் நிற்கும்போது சில டிகிரி ஏறுவதும் ஃபேன் சுற்றியதும் இறங்குவதும் எஞ்சினின் இயல்பு. ஒவ்வோர் அசைவையும் காட்டினால் ஓட்டுபவர் வீணாகப் பதறுவார். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் முள் நடுவை விட்டு நகர்ந்துவிட்டதென்றால் ‘இப்போதுதான் சூடாகத் தொடங்குகிறது’ என்று எண்ணக் கூடாது என்பதும் அதிலிருந்தே பெறப்படும். ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் அடைபட்ட கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், திறந்த கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். ஓட்டத்தில் முள் சட்டென்று குளிர்ப்பக்கம் விழுந்தாலும் நிறுத்திப் பார்க்க வேண்டும். கூலன்ட் கொட்டிப்போய், சென்சார் காற்றில் நின்றுகொண்டிருக்கலாம்.

பேட்டரி விளக்கு ஓடும்போது எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் அறுந்திருந்தால், சில எஞ்சின்களில் வாட்டர் பம்பும் அதோடு நின்றுவிடும். ஆகவே பானெட்டைத் திறந்து பெல்ட்டைப் பார்த்த பிறகே மேற்கொண்டு ஓட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். பிரேக் விளக்கு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகும் எரிந்தால் பெரும்பாலும் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. கசிவு இருக்கலாம், அல்லது பேட் தேய்ந்திருக்கலாம். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து அந்த இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் மட்டம் இறங்கும். இங்கே ஆயிலை ஊற்றிவிட்டால் விளக்கு அணையும், காரணம் அப்படியே இருக்கும். பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால் வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

“இதெல்லாம் சென்சார் கோளாறு சார், கண்டுகொள்ளாதீங்க” என்று சொல்லும் மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்கள் சொல்வது பல நேரம் சரியாகவும் இருக்கும். சுவிட்சும் வயரும் கெடுவது அபூர்வமல்ல. ஆனால் சோதித்துப் பார்க்காமல் அதை எப்படிச் சொல்ல முடியும்? ஆயில் சுவிட்சைக் கழற்றி அதே துளையில் பிரஷர் மீட்டரைத் திருகினால் சிறிது நேரத்தில் விடை தெரிந்துவிடும். செக் எஞ்சின் விளக்குக்கு ஸ்கேனர் இருக்கிறது. கலிபோர்னியா 1988இல் தொடங்கி வைத்த, வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஓபிடி முறையின் தொடர்ச்சி இது. ஸ்கேனர் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதும் அரை உண்மைதான். பி0171 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று மட்டுமே பொருள். ஆக்ஸிஜன் சென்சாரை மாற்று என்று அது சொல்லவில்லை, ஏதோ ஒரு ஹோஸ் வெடித்திருக்கலாம். குறியீட்டை அழித்தாலும் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் விளக்கு அணையும். கோளாறு போகாவிட்டால் சில நாளில் திரும்பி வரும். மஞ்சளாக நிலைத்து எரிந்தால் சீக்கிரம் காட்டினால் போதும். மினுக்கினால் மட்டும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மெதுவாக ஒதுங்குங்கள்: சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே உருக்கிவிடும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். ஏர்பேக் விளக்கின் பல்பைப் பிடுங்கிவிட்டு விற்பவர்கள் உண்டு. வேறொரு விளக்கின் வயரோடு முடிந்து வைத்து, அதோடு சேர்ந்து அணையும்படி செய்பவர்களும் உண்டு. வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே சாவியைக் கேட்டு வாங்குங்கள். ‘ஆன்’ செய்தபோது செக் எஞ்சினோ ஏர்பேக்கோ எரியவில்லை என்றால், காரணம் தெரியும்வரை விலை பேச வேண்டாம்.