பணக்கூலியும் மெய்க்கூலியும்: ஒரு லாரி ஓட்டுநரின் கணக்கு

மூன்றாமாண்டு பொருளியல் மாணவி

கூலியைப் பணக்கூலி என்றும் மெய்க்கூலி என்றும் பிரித்துப் பேசுவது பொருளியல் மாணவர் அனைவரும் அறிந்ததே. கையில் எண்ணி வாங்கும் ரூபாய் பணக்கூலி. அந்த ரூபாயால் வாங்கக்கூடிய பொருள்கள், வேலையோடு வரும் வசதிகள், வேலை நேரம், அதன் நிலைப்பு, அதனால் உடலுக்கு நேரும் தேய்வு இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் நிற்பது மெய்க்கூலி. ஐந்து மதிப்பெண் வினாவாக இதனை நான் மும்முறை எழுதியிருக்கிறேன். சென்ற புரட்டாசியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இதே வினா வேறு உருவில் வந்து அமர்ந்தபோதுதான், அந்த விடையில் நான் எழுதாமல் விட்டது எவ்வளவு என்று தெரிந்தது.

என் தந்தையார் லாரி ஓட்டுநர். நாமக்கல் வட்டாரத்தில் இதைச் சொன்னால் எவரும் வியக்கமாட்டார்கள். பாடி கட்டும் பட்டறைகள், டேங்கர் லாரிகள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், சங்ககிரி லாரி ஆபீசுகள் என்று இப்பகுதியின் பிழைப்பே சக்கரத்தில் ஓடுகிறது. 17 வயதில் கிளீனராக வண்டி ஏறியவர் அப்பா. சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றி, பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர், புனே வழியாக மும்பை போவார். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். திரும்பும்போது நாசிக்கில் வெங்காயம் கிடைத்தால் உடனே கிளம்பலாம். இல்லையெனில் ரிட்டர்ன் லோடுக்காக இரண்டு மூன்று நாள் வண்டிக்கடியில் பாய் விரித்துப் படுத்திருப்பார். அந்த நாள்களுக்குக் கூலி கிடையாது.

ஊருக்கு அருகிலுள்ள ஒரு கோழித்தீவன ஆலையில் ஓட்டுநர் வேலை இருப்பதாகச் சேதி வந்தது. தீவன மூட்டைகளைப் பண்ணைகளில் இறக்கிவிட்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம். சம்பளம் மாதம் 15,000 ரூபாய், வைப்புநிதியும் ஈ.எஸ்.ஐ.யும் உண்டு. அப்பா லைனில் ஈட்டுவதோ சராசரியாக மாதம் 28,000. “இதுல யோசிக்க என்ன இருக்குது?” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. மேலோட்டமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். லைனில் மாதத்துக்கு 24 நாள். வழியில் சாப்பாடு, தேநீர், குளியல் என்று நாளுக்கு 300 ரூபாய் வீதம் 7,200. போலீஸ் கேஸ், காணாமற்போன கயிறு, கிழிந்த தார்ப்பாய் என்று அப்பா தலையில் விழுபவை சராசரியாக 1,300. மீதி 19,500. நாளொன்றுக்கு ஓட்டுவதும் காத்திருப்பதுமாக 14 மணி நேரம் என்று வைத்தால் 336 மணி. மணிக்கு 58 ரூபாய் வருகிறது.

ஆலையில் 26 நாள், நாளுக்கு 9 மணி, ஆக 234 மணி. வைப்புநிதிக்கு 1,800, ஈ.எஸ்.ஐ.க்கு 113 பிடித்தம் போகக் கையில் 13,087. மணிக்கு 56 ரூபாய். பிடித்த 1,800 நம் கணக்கிலேயே இருக்கிறது. அதற்கு ஈடாக ஆலையும் 1,800 கட்டுகிறது. சம்பளத்தோடு அதையும் சேர்த்தால் மணிக்கு ஏறத்தாழ 72. சாப்பாடோ அம்மா கட்டிக் கொடுப்பது. 28,000-க்கும் 15,000-க்கும் இடையே மலைபோல் தெரிந்த வித்தியாசம், மணிக்கணக்கில் தலைகீழாகிவிட்டது!

நான் பெருமையோடு இதை வாசித்துக் காட்டினேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தாமலே கேட்டார்: “மளிகைக்காரன் மணிக்கணக்குலயா காசு வாங்கறான்? மாசம் ஆறாயிரத்துச் சொச்சம் கொறையுதில்ல, அதைச் சொல்லு சாமி.”

பாடநூலில் நான் காணாத இடம் இதுதான். அப்பா லைனில் கூடுதலாகச் செலவிடும் 102 மணி நேரத்தை ஓய்வாக மாற்றிக் கொள்ளலாம். ஆனால் அந்த ஓய்வைக் கொண்டுபோய்த் தம்பியின் பாலிடெக்னிக் கட்டணமாகக் கட்ட முடியாது. மெய்க்கூலி உயர்ந்தும் குடும்பம் நெருக்கடியில் விழலாம். வறியவர் ஏன் கெட்ட வேலையை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறார் என்று கேட்பவர்கள் இந்த 6,413 ரூபாயைப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும்.

ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ நூலில், தொழிலுக்குத் தொழில் கூலி வேறுபடுவதற்கு ஐந்து காரணங்கள் கூறினார். தொழிலின் இனிமை அல்லது வெறுப்பு, கற்கும் செலவு, நிலைப்பு, அதில் வைக்கப்படும் நம்பிக்கை, வெற்றி வாய்ப்பு என்பன அவை. வெறுப்பான தொழிலுக்குக் கூலி கூடும் என்பது அவர் வாதம். அப்படியாயின் 14 மணி நேரமும் எஞ்சின் சூட்டில் அமர்ந்திருப்பவருக்கு மணிக்கு 58 ரூபாய் எப்படி நியாயமாகும்? விடையின் ஒரு பகுதி அதே அத்தியாயத்தில் கிடைக்கிறது. ஆபத்து நிறைந்த கடல் வாழ்க்கை இளைஞரை விரட்டுவதில்லை, ஈர்க்கிறது என்று ஸ்மித்தே எழுதியிருக்கிறார். 17 வயதில் வண்டி ஏறிய என் தந்தையார் கூலியையா கணக்கிட்டார்? பம்பாயைப் பார்க்கப் போனார்.

மற்றொரு பகுதி சட்டத்தில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வகுத்தது. ஆனால் அது ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனத்துக்கே உரியதாக இருந்தது. இரண்டு லாரி வைத்திருக்கும் முதலாளியிடம் அந்த ஐவர் ஏது? வைப்புநிதிக்கோ இருபது பேர் வேண்டும். 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபின் எல்லை வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன; 2021-இல் சுங்கச்சாவடிகளில் பாஸ்டாக் கட்டாயமாயிற்று. வழியில் நிற்பது குறைந்தது உண்மை. மிச்சமான நேரம் ஓட்டுநரின் தூக்கத்துக்கு வரவில்லை. அடுத்த டிரிப்புக்குப் போய்விட்டது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாம். அப்பாவின் வண்டி அதற்கு மிகவும் மூத்தது.

முதலாளியைக் குறை சொல்ல எழுதவில்லை. அவரும் மாதத் தவணை கட்டுபவர்தான். அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை நடந்தபோது கேட்காமலே 40,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். அந்த முன்பணம் இன்னும் கழியவில்லை. கழியாமல் வண்டியை விட்டு இறங்குவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. உழைப்பாளி நல்ல கூலியை நாடி எளிதாக இடம் பெயர்வான் என்று நூல்கள் கருதிக்கொள்கின்றன. இடையில் ஒரு முன்பணமும் ஒரு நன்றியும் நிற்பதை அவை கணக்கில் கொள்வதில்லை.

சரி, முன்பணம் கழியும்வரை ஓராண்டு பொறுத்தால் என்ன? அப்பா அப்படித்தான் எண்ணினார். நானும் ஒப்புக்கொள்ளும் நிலையில் இருந்தேன், ஓய்வூதிய விதியைப் படிக்கும்வரை. 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். 58 வயதோடு கணக்கு முடிந்துவிடும். பணிக்காலம் குறைந்தால் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்பாவுக்கு அப்போது 47 வயதும் 9 மாதமும். உடனே சேர்ந்தால் 10 ஆண்டும் 3 மாதமும் கிடைக்கும். ஓராண்டு தள்ளினால் அந்தக் கதவு மூடியதுதான்.

கிடைக்கப்போகும் தொகை பெரிதன்று. 15,000-ஐப் பத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 2,143 ரூபாய். ஆனால் இன்னொரு விதியும் உண்டு. பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்துவிட்டால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. இதை நான் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அவரோடு வண்டி ஏறியவர்களில் இருவர் சாலையிலேயே போனவர்கள். அவர்கள் வீடுகள் எப்படி இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியும்.

பிறகு அவர் சொன்னது கூலிக் கோட்பாட்டில் எந்தத் தலைப்பின் கீழும் அடங்காது. “லைன்ல போறப்ப வண்டி என்னுதுன்னு ஒரு நெனப்பு இருக்கும் கண்ணு. அங்க கேட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் சாவிய வாங்கோணும். முப்பது வருசம் எவன் மூஞ்சியும் பாத்து வண்டி எடுக்கல.” நான் இதற்கு எந்த எண்ணையும் போட முயலவில்லை.

முடிவு ஒரே நாளில் வரவில்லை. சீட்டை இரண்டு மாதம் முன்னதாகத் தள்ளுபடிக்கு எடுத்து முன்பணத்தில் 30,000 கழித்தோம்; மீதியை இரண்டு டிரிப்பில் ஓட்டிக் கழிப்பதாக அப்பா சொன்னார், முதலாளி மறுக்கவில்லை. மாதப் பற்றாக்குறையில் 2,400 ரூபாய்க்கு நான் எட்டுப் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் எடுக்கிறேன். அப்பா வீட்டில் இருந்தால் இன்னொரு கறவை மாடு கட்டலாம் என்கிறார் அம்மா. துணை வருவாய் என்று இதற்கும் நம் நூலில் பெயர் உண்டு. ஆனால் அது கறந்தால்தான். மிச்சத்துக்கு இன்னும் வழி தெரியவில்லை.

ஆலைக்கு அப்பாவோடு நானும் போயிருந்தேன். மேலாளர் நல்லவிதமாகவே பேசினார். முதலாண்டு ஒப்பந்தக்காரர் பெயரில் இருக்கட்டும், வைப்புநிதி அதன்பின் தொடங்கும் என்றார். அப்பா எழுந்து நின்றுகொண்டே, “மொத மாசத்துல இருந்தே பிடிங்க சார். இல்லீன்னா எனக்கு லைனே போதுங்க” என்றார். மேலாளர் அவரைச் சற்றுநேரம் பார்த்தார். உரிமத்தை வாங்கி, முப்பதாண்டு அனுபவத்தைப் பற்றி ஏதோ கேட்டார். மறுவாரம் சரி என்று சொல்லி அனுப்பினார்கள்.

இதை எழுதும் இன்று அப்பா கடைசி டிரிப்பில் இருக்கிறார். காலையில் சதாராவிலிருந்து போன் வந்தது. நாசிக்கில் வெங்காயம் கிடைக்குமா என்று தெரியவில்லையாம்.