முசுறுக் கூட்டை எரிக்கும் முன்

படுவான்கரையிலிருந்து 1990இலும் 2007இலும் இடம்பெயர்ந்தவர்களுக்கு இது தெரிந்த காட்சி. மாதக்கணக்காக ஆளில்லாது கிடந்த வளவுக்குத் திரும்பினால், கிணற்றடி மாமரத்தில் ஏற முடியாது. இலைகளை உருண்டையாகச் சேர்த்துக் கட்டிய கூடுகள், கிளையெல்லாம் முசுறு. தீப்பந்தம் பிடிப்போம், அல்லது மருந்தடிப்போம் என்றே முதலில் தோன்றும். அதற்கு முன் இந்த எறும்பின் சீவியத்தைச் சற்று அறிந்துகொள்வோம். கடிபட்டவர் பலர், கவனித்துப் பார்த்தவர் சிலர்.

முசுறு மண்ணில் புற்றெடுப்பதில்லை. பச்சை இலையுள்ள மரமே அதன் வீடு: மா, மரமுந்திரிகை, களப்போரத்துக் கண்டல். கூடு கட்டும்போது வேலையாள் எறும்புகள் வரிசையாக நின்று இரு இலைகளின் ஓரங்களை இழுத்துப் பிடிக்கும். எட்டாவிட்டால் ஒன்றின் இடுப்பை மற்றொன்று கவ்விச் சங்கிலியாகும். வேறு சில, குடம்பிகளை வாயில் தூக்கிவந்து, தறியில் நாடா ஓடுவதுபோல இலைக்கு இலை அசைக்கும். நூல் வருவது குடம்பியின் வாயிலிருந்துதான். பட்டுப்புழு தனக்கென நூற்பதை, முசுறுக் குடம்பி முழுக் குடும்பத்துக்கும் கொடுத்துவிடுகிறது.

அடுத்தடுத்த பல மரங்களிலுள்ள கூடுகள் எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கலாம். அதில் இலட்சக்கணக்கான எறும்புகள் வாழும். முட்டையிடும் இராணி பெரும்பாலும் ஒன்றே. அது இருக்கும் கூடு அழிந்தால், மற்றக் கூடுகளும் நாளடைவில் ஒழிந்துபோகும்.

இவற்றின் உணவு பெரும்பாலும் பூச்சிகள். மரமுந்திரிகையின் தளிரையும் பூவையும் உறிஞ்சிக் கருகச் செய்யும் தேயிலை நுளம்புக்கு முசுறு பெரும் எதிரி. வட அவுஸ்திரேலியாவில் மரமுந்திரிகை, மாந் தோட்டங்களில் ஆய்வாளர்கள் இவற்றை வளர்த்தே நல்ல பலன் கண்டனர். சீனாவில் கி.பி. 304இல் எழுதப்பட்டதாகக் கூறப்படும் நூலொன்று, தோடை மரங்களைக் காக்க இக்கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதைச் சொல்கிறது. மருந்து வாங்கக் காசில்லாத வேளையில் நமக்கு இது சும்மா கிடைக்கிறது.

குறையும் உண்டு. முசுறுக்குக் கொடுக்கு இல்லை. கடித்த இடத்தில் அமிலத்தைப் பீச்சுவதால்தான் அந்த எரிவு. இனிப்பு நீருக்காகப் பஞ்சுபோன்ற வெள்ளைப் பூச்சிகளையும் அது மாடு மேய்ப்பதுபோலக் காக்கும். இலை பிசுபிசுத்துக் கறுத்திருந்தால் அந்தக் கிளையை மாத்திரம் வெட்டி எரியுங்கள். மரம் முழுதும் மருந்தடிக்க வேண்டாம்.

முசுறு உள்ள மரத்திலிருந்து இல்லாத மரத்துக்கு ஒரு கயிறு கட்டினால் போதும், தானாக ஏறிக்கொள்ளும். ஆனால் இரு மரங்களிலும் முசுறு இருந்தால் முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரு மரத்திலிருந்து சிலவற்றைக் குச்சியில் எடுத்து மற்றதில் விடுங்கள். சண்டையிட்டால் அவை வேறு குடும்பம். அங்கே கயிறு கட்டினால் இரண்டும் அடிபட்டு மாயும்.

மரமுந்திரிகைக் கொட்டை பழுத்துத் தானே விழுவதால், கீழே நின்று பொறுக்கலாம். மாங்காயைக் கொக்கத்தடியால் பறியுங்கள். ஏறியே ஆகவேண்டுமென்றால் கைகால்களில் அடுப்புச் சாம்பலை நன்றாகப் பூசிக்கொள்ளுங்கள். எறும்பின் கால் அதில் பிடிக்காது.