38 புள்ளிக்குள் என்ன இருக்கிறது?
பெற்றோருக்கு ஒரு கணக்குப் பாடம்

தவணை முடிந்து பதினோராம் ஆண்டுப் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வருகிறது. கணிதம் 38. "இவனுக்குக் கணக்கு மண்டையில ஏறாது. படிச்சது போதும், கொழும்புல ஒரு கடையில சேத்து விட்டுடலாம்" என்கிறார் அப்பா. லயங்களில் நாம் அடிக்கடி கேட்கிற பேச்சுத்தான் இது.

ஒரு பிள்ளையின் படிப்பையே நிறுத்தி விடும் பலம் அந்த இலக்கத்துக்கு இருக்கிறது. ஆனால் அது எப்படி வந்தது என்று நாம் கேட்பதில்லை. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது முள் எங்கே நிற்கிறது, எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று கண்ணை எடுக்காமல் பார்க்கிறோம். பிள்ளையின் புள்ளியையும் அப்படிப் பார்க்க வேண்டாமா?

விடைக்கு மட்டும் புள்ளி இல்லை

இந்தக் கணக்கைப் பாருங்கள்.

ஒருவர் நான்கு நாட்களில் 17, 21, 19, 23 கிலோ கொழுந்து பறித்தார். ஒரு நாளைக்குச் சராசரி எவ்வளவு? அதே சராசரியில் 20 நாளைக்கு எவ்வளவு?

கூட்டினால் 80. நாலால் பிரித்தால் 20. இருபதால் பெருக்கினால் 400 கிலோ.

இதற்கு 6 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் அதைப் பிரித்துப் போடுவார். கூட்ட வேண்டும் என்று தெரிந்து எழுதியதற்கு 1, சரியான கூட்டுத்தொகைக்கு 1. நாலால் பிரித்ததற்கு 1, சராசரிக்கு 1. இருபதால் பெருக்கியதற்கு 1, கிலோ என்ற அலகோடு கடைசி விடைக்கு 1.

ஒரு பிள்ளை கூட்டும்போது தவறி 70 என்று எழுதி விட்டது. பிறகு நாலால் பிரித்து 17.5, இருபதால் பெருக்கி 350 கிலோ. விடை பிழை. ஆனால் மூன்று படியும் தாளில் இருப்பதால் குறைந்தது 3 புள்ளி கிடைக்கும். இன்னொரு பிள்ளைக்கும் அதே பிழைதான். ஆனால் அது எல்லாவற்றையும் வேறு துண்டில் செய்து, தாளில் "350" என்று மட்டும் எழுதியது. அதற்குப் பூச்சியம். இரண்டு பிள்ளைக்கும் கணக்கு ஒரே அளவுதான் தெரியும். எழுதிக் காட்டியதில்தான் வித்தியாசம்.

எல்லோருக்கும் ஒரே தராசு

எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற தாளுக்குப் புள்ளித்திட்டம் என்று பெயர். ஒரு ஆசிரியர் தாராளமாகவும் இன்னொருவர் இறுக்கமாகவும் போட்டால், ஒரு பாடசாலையின் 60 வேறு, இன்னொரு பாடசாலையின் 60 வேறு ஆகிவிடும் அல்லவா?

யாழ்ப்பாணத்தில், வடமராட்சிக் கரையில் தொண்டைமானாறு என்று ஓர் ஊர் இருக்கிறது. செல்வச் சந்நிதி முருகன் கோயில் உள்ள ஊர் என்றால் பலருக்குத் தெரியும். அங்குள்ள வெளிக்கள நிலையம் உயர்தர மாணவருக்குத் தவணைப் பரீட்சை நடத்துகிறது. வேறு வேறு பாடசாலைப் பிள்ளைகள் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகிறார்கள். வினாத்தாளுக்குப் புள்ளித்திட்டமும் உண்டு. அதனால் பட்டணத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையையும் கிராமத்துச் சின்னப் பாடசாலைப் பிள்ளையையும் ஒரே தராசில் நிறுக்க முடிகிறது.

உயர்தர இணைந்த கணிதத்தில் ஒரு தாளுக்கு 1000 புள்ளி. 25 புள்ளி வினாக்கள் பத்து, 150 புள்ளி வினாக்கள் ஐந்து. இவ்வளவு பெரிய எண் எதற்கு? ஒவ்வொரு படிக்கும் ஐந்து, பத்து என்று பிரித்துக் கொடுக்கத்தான்.

38ஐ 50 ஆக்கலாமா?

சாதாரண தரத்தில் 75க்கு மேல் ஏ, 65 முதல் பி, 50 முதல் சி, 35 முதல் எஸ். ஆகவே 38 எடுத்த பிள்ளை பெயில் இல்லை. அது எஸ்ஸில் நிற்கிறது.

கணிதத்துக்கு இரண்டு தாள், ஒவ்வொன்றும் 100 புள்ளி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவார்கள். முதல் தாளில் 2 புள்ளிச் சிறு வினாக்கள் 25, பத்துப் புள்ளி வினாக்கள் 5. இரண்டாம் தாளில் பத்துப் புள்ளி வினாக்கள் 10 செய்ய வேண்டும். ஆகப் பெரிய வினாக்கள் 15. விட்ட படிகளை எழுதி வினாவுக்கு 2 புள்ளி கூட எடுத்தால் 30. பாதியாக்கினால் 15. 38 அப்போது 53 ஆகிறது. அது சி!

நீங்கள் செய்யக்கூடியது

உங்களுக்குக் கணிதம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

1. தேர்ச்சி அறிக்கையோடு நிற்காமல், திருத்திய விடைத்தாளையும் காட்டச் சொல்லுங்கள்.

2. வெறுமையாக விட்ட இடங்களை எண்ணுங்கள். "இதுல தெரிஞ்ச ஒரு வரியாச்சும் எழுதியிருக்கலாமா?" என்று கேளுங்கள்.

3. சிவப்புப் பேனாவில் போட்ட புள்ளிகளைப் பிள்ளையை விட்டுக் கூட்டச் சொல்லுங்கள். கூட்டலில் ஆசிரியருக்கும் தவறலாம். பிழை இருந்தால் மரியாதையாகப் போய்ச் சொல்லுங்கள். அரசாங்கப் பரீட்சையிலும் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

4. செய்கையை அழிக்க வேண்டாம், ஒரு கோடு போட்டு வெட்டினால் போதும் என்று சொல்லி வையுங்கள்.

5. "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்கும் முன், "போன தவணையை விட எங்கே கூடியது, எங்கே குறைந்தது?" என்று கேளுங்கள்.

கடைக்கு அனுப்புவதா, பாடசாலைக்கு அனுப்புவதா என்று முடிவு எடுக்கிற அன்றைக்கு, அந்த விடைத்தாளை ஒருமுறை விரித்து வைத்துப் பிள்ளையோடு உட்காருங்கள். பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையா, அல்லது வந்த கணக்கை எழுதவில்லையா என்று அதில் தெரியும். இரண்டும் ஒன்றல்ல.